ஒத்திகைக் குரல்

டப்பாவைத் திறந்ததும் முதலில் வந்தது வினிகர் நெடி.
படச்சுருள் சாகும்போது இப்படித்தான் மணக்கும் என்றாள் மல்வினா,
முகம் சுளிக்காமல், கையுறையை மணிக்கட்டுவரை இழுத்துக்கொண்டு.

வூட்ச் நகரம். பிப்ரவரி.
மூடிக் கிடந்த நூற்பாலையின் நிலவறையில்
கொதிகலனுக்குப் பின்னால் பதினொரு டப்பாக்கள்.
ஒன்றில் திருகாணிகள். ஒன்றில் யாருடையவோ கோட்டுப் பொத்தான்கள்.
மூன்றின் மேல் மட்டும் பென்சிலில்:
தேவதை. வேண்டாம்.

அந்தத் தேவதையைத் தெரியாதவர் இந்த ஊரில் இல்லை.
பால் டம்ளர் உயரம், பொன் முடி,
கேட்டதைக் கொடுத்துவிட்டு நன்றியும் அவளே சொல்வாள்.
பல் மருத்துவரின் சுவரில் இருக்கிறாள்.
அழாமல் வாய் திறக்கும் பிள்ளைக்கு
ஸ்டிக்கராகவும் கிடைப்பாள்.

சுருள் சுருங்கியிருந்தது. பல்சக்கரம் கவ்வவில்லை.
காய்ச்சல்காரக் குழந்தையைப் புரட்டுவதுபோல்
கையால், கட்டம் கட்டமாக நகர்த்தினாள் மல்வினா.
நொடிக்கு இருபத்து நான்கு.
முதல் நாள் இருட்டும்போது
தேவதை ஒரே ஒருமுறை
திரும்பிப் பார்த்து முடித்திருந்தாள்.

முதல் டப்பாவில் அவள் அந்துப்பூச்சி.
விளக்கைச் சுற்றித் தூள் உதிர்க்கிறாள்.
முகம் இன்னும் வரவில்லை,
முட்டை வடிவம், அதற்குள் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு.
ஆனாலும் அவளுக்கு எதுவோ பிடிக்கவில்லை என்பது
முதுகிலேயே தெரிந்தது.

இரண்டாவதில் நாற்பது வயது.
தலையில் துணி. இரவு ஷிஃப்ட் முடித்த நடை.
சிறகை மடித்து, கயிற்றால் கட்டி,
கோட்டுக்கு உள்ளே வைத்திருக்கிறாள்,
பஸ்ஸில் இடிபடாமல் இருக்க.
ஒரு சிறுவன் வரம் கேட்கிறான்.
வரைந்தவன் அந்த இடத்தில்
மூன்று முழு நொடி அவளை அசையாமல் விட்டிருக்கிறான்.
பிறகு அவள் கேட்கிறாள், வாயசைவு மட்டும்:
உனக்கு எதுக்கு?

மூன்றாவதில் ஒலி இருந்தது.
நடிகை கிடைக்கும்வரை
யாரோ ஒருத்தியை உட்காரவைத்து வாசிக்கச் சொன்ன குரல்.
வாசிப்புகூட இல்லை, மளிகைச் சீட்டைப் படிப்பதுபோல்.
நடுவில் இருமல்.
"திரும்பச் சொல்லட்டா?"
தூரத்திலிருந்து ஓர் ஆண்:
"போதும் போதும், எப்படியும் அழிக்கப்போறதுதானே."

டப்பாவின் அடியில் ஒட்டிக் கிடந்த சம்பளச் சீட்டு சொன்னது:
வண்ணம் தீட்டும் பிரிவு, ஒன்பதாம் மேசை,
க்ளெமென்டினா ப்யுர்கோ.

அவள் மகன் டிராம் ஓட்டுகிறான். யாரோமிர். ஐம்பத்து நான்கு.
இரண்டு நடைக்கு நடுவே பதினான்கு நிமிடம் இருக்கிறது என்று
சீருடையோடு வந்தான், தொப்பியில் பனியோடு.
வீட்டில் அம்மா சினிமாவைப் பற்றிப் பேசியதே இல்லை,
விரல் நகத்தில் பச்சை மட்டும் போகவே போகாது என்றான்.
தன் பிள்ளைகளோடு அந்தப் படத்தை
நாற்பது தடவையாவது பார்த்திருப்பானாம்.

மல்வினா ஓடவிட்டாள்.
பென்சில் தேவதை ஜன்னல் விளிம்பில் இறங்கி,
சிறகை உதறி, வாய் திறந்தாள்:
"கதவைச் சாத்து. குளிரு உள்ள வருது."

எழுந்து போய்
கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.
தான் செய்ததை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

மல்வினா வசனத்தாளை இருமுறை புரட்டினாள்.
அங்கே இருந்தது வேறு:
உன் ஆசை பலிக்கட்டும், கண்ணே.

அழுவான் என்று டிஷ்யூ பெட்டியை
முன்பே நகர்த்தி வைத்திருந்தாள். வீண்.
அவன் கேட்டது இருமலைத்தான், இன்னொருமுறை.
அதற்கும் பின்னால் ஒரு கீச்சு.
"பதினாறாம் எண். ஆஸ்பத்திரி வளைவில்தான் இப்படி அலறும்,"
என்றான், திரையைப் பார்க்காமலே.
"அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள்."

நான்கு நிமிடம் தாமதமாகப் போனான்.
நிறுத்தத்தில் ஆட்கள் அவனைத் திட்டியிருப்பார்கள்.

பதிவேட்டில் 'பிரதியின் நிலை' என்ற கட்டத்தில்
வேண்டாம் என்பதை அவள் அப்படியே எழுதினாள்.
அழித்துத் திருத்த அது அவள் சொல் அல்ல.
அடுத்த கட்டம்: குரல்.
ஒன்பதாம் மேசை என்று தொடங்கி, அடித்துவிட்டு,
பெயரை முழுதாக எழுதினாள்.
எழுத்துக்கூட்டலை ஒருதடவை
சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.